பனிக்குத் தடையில்லை

செங்கல்பட்டு
18-1-2025

அன்புள்ள ஸ்வாதிக்கு,

துர்கா அண்ணி எழுதுவது. இங்கே நானும் உன் மோகன் அண்ணனும் நலம். நீயும் மித்ராக்கண்ணும் நலமாக இருக்கவேண்டுமென்று திருக்கழுக்குன்றம் மலையேறி வேண்டிக்கொண்டு வந்தேன். முழங்கால் இரண்டும் இன்னும் வலிக்கிறது.

இந்தக் காலத்தில் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போன் செய்தால் ஐந்து நிமிஷம் பேசுகிறோம். சரவணன் பெயர் வந்ததும் இரண்டு பேரும் அழுது வைத்துவிடுகிறோம். தம்பி போய் ஐந்து மாதமாகியும் நமக்குள் உருப்படியாக ஒரு பேச்சு நடக்கவில்லை. பதினெட்டு வருஷமாக வக்கீல் ஆபீஸில் டைப் அடிப்பவள் நான். எழுத்துதான் எனக்குப் பழக்கம். நீயும் உன் கையாலேயே எழுது. மனதில் இருப்பதையெல்லாம் எழுது. அவனுக்கு அக்கா என்றால் உனக்கும் அக்காதானே.

முந்தாநாள் மித்ரா போனில் கேட்டாள்: “அத்தை, எல்லார் வூட்லயும் லைட்டு போட்டாங்க, ஸ்டார் கட்னாங்க, கரும்பு வெச்சாங்க. நம்ம வூட்ல மட்டும் ஏன் ஒண்ணுமே இல்ல?” ஐந்தரை வயதுக் குழந்தைக்கு என்ன பதில் சொல்ல? வருஷம் திரும்பும்வரை பண்டிகை கிடையாது, சரி. ஆனால் தடை பண்டிகைக்குத்தான். பனிக்கு யாரும் தடை போடவில்லை. எல்லாப் பண்டிகையும் முடிந்துவிட்டது. மாசி வரை பனி இருக்கிறது. வீட்டைப் பனிக்காக அலங்கரி. கோலம் வேண்டாம், தோரணம் வேண்டாம். வெள்ளைத் துணி, பஞ்சு, வெள்ளை விளக்கு. குழந்தை முகம் மலரட்டும். ஊர் கேட்டால் துர்கா அண்ணிதான் சொன்னாள் என்று சொல்.

முடித்ததும் போட்டோ பிரிண்ட் போட்டு அனுப்பு. பின்னால் தேதி எழுது. அலமாரிக் கதவில் ஒட்டிவைத்துப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

மித்ராவுக்கு ஆயிரம் முத்தம்.

உன் அண்ணி,
துர்காதேவி

●

நாவலூர்
26-1-2025

அன்புள்ள அண்ணிக்கு,

ஸ்வாதி வணக்கத்துடன் எழுதுவது. நாங்கள் நலம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? மோகன் அண்ணனின் சர்க்கரை குறைந்ததா?

உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்தேன். வேலூரில் அப்பா படுத்த படுக்கை, அம்மாவும் இல்லை. ‘அக்காதானே’ என்று எழுத எனக்கு உங்களை விட்டால் யார்?

வீடு செய்துவிட்டோம் அண்ணி! ஓஎம்ஆர் கடையொன்றில் கிறிஸ்துமஸுக்கு விற்காமல் கிடந்த வெள்ளை சீரியல் செட் நாலு கிடைத்தது. ஜன்னலுக்கு வெள்ளை பெட்ஷீட்டையே திரையாகத் தொங்கவிட்டோம். காகிதத்தை மடித்து மடித்து வெட்டிப் பனிப்பூ செய்தோம், அறுபத்திரண்டு. அதில் ஐம்பது மித்ரா வெட்டியது, எல்லாம் கோணல். சாப்பாட்டு மேஜையில் தாம்பாளம் வைத்து, கல்லுப்பைக் கொட்டி, நடுவில் அவளுடைய பொம்மை மாட்டை நிறுத்தியிருக்கிறாள். ஒரு கல்லை எடுத்து நக்கிவிட்டு, “அம்மா, பனி உப்பு கரிக்குது” என்றாள். ஆகஸ்டுக்குப் பிறகு அன்றைக்குத்தான் நான் சத்தம் போட்டுச் சிரித்தேன். சிரித்தது என் காதிலேயே விழ, பயந்துபோனேன்.

எங்கள் அபார்ட்மெண்ட் எலக்ட்ரீஷியன் சின்னையன் வந்து பார்த்துவிட்டு, “இன்னாம்மா, பொங்கலே பூட்ச்சி. அல்லாரும் அவுத்துகினு கீறாங்க, நீ இப்போ போயி மாட்டிகினு கீற?” என்றார். “பனிக்கு” என்றேன். “இங்க ஏதும்மா பனி? ஃபேன நிறுத்துனா வேர்த்துக் கொட்டுது” என்று சொல்லிக்கொண்டே பிளக் மாற்றிக் கொடுத்தார்.

எதிர்வீட்டு அம்மா மட்டும் வாசலில் நின்று, “ஒரு வருஷம் ஆவலியே” என்றார். நீங்கள் சொன்னதாகச் சொன்னேன். வாய் மூடிக்கொண்டது.

போட்டோ மூன்று வைத்திருக்கிறேன். தேதி எழுதியிருக்கிறேன்.

அன்புடன்,
ஸ்வாதி

●

செங்கல்பட்டு
30-1-2025

அன்புள்ள ஸ்வாதிக்கு,

நலம். உன் நலமே எங்கள் நலம். அவருக்குச் சர்க்கரை அப்படியேதான் இருக்கிறது.

போட்டோக்களை ஒட்டிவிட்டேன். சமையலறைக்குப் போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை பார்க்கிறேன். ஒன்றுதான் குறை. எதிலும் நீ இல்லை. தம்பி வாங்கித் தந்த ஆரஞ்சுப் பட்டு இருக்குமே, அதைக் கட்டிக்கொண்டு அந்த விளக்குகளுக்குக் கீழே நின்று ஒரு படம் எடு. அழுமூஞ்சியாக வேண்டாம், சிரி. அவன் இருந்தால் அதைத்தான் கேட்பான்.

இரண்டாவது படத்தில் ஸ்டூல் மேல் ஒரு ஆணின் கால் தெரிகிறது. நல்ல பேண்ட், புதுசு மாதிரி சாக்ஸ். சின்னையன் இல்லை போலிருக்கிறதே? யாரோ உதவிக்கு வந்தார்களென்றால் எனக்குச் சந்தோஷம்தான். ஒற்றை ஆளாக நீ எவ்வளவு செய்வாய்.

தூக்கம் வருகிறதா? டாக்டர் ஏதாவது மாத்திரை கொடுத்தாரா? பெயர் எழுது, இங்கே தெரிந்த மெடிக்கலில் கேட்டுச் சொல்கிறேன். மித்ராவை சாயங்காலம் யார் கூட்டிவருகிறார்கள்? என்னிடம் மறைக்காதே கண்ணு.

துர்கா அண்ணி

●

நாவலூர்
8-2-2025

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். நலம், நலமறிய ஆவல்.

ஸ்டூலில் நின்றது ஹரிஹரன். என் டீம் லீட். அவரும் அவர் மனைவியும் பிள்ளைகளோடு வந்திருந்தார்கள். உச்சிக் கொக்கிக்கு எனக்கு எட்டவில்லை. வேறொன்றுமில்லை அண்ணி.

ஆரஞ்சுச் சேலை கட்டினேன். சிரிப்பு வரவில்லை. மித்ரா எதிரில் நின்று மூக்கைத் தூக்கிப் பன்றி மாதிரி காட்டினாள், அப்போது எடுத்த படம் இது. பார்த்துவிட்டுக் கிழித்துவிடுங்கள். எனக்கே பார்க்கக் கூச்சமாக இருக்கிறது.

மாத்திரை உண்டு. சீட்டையே ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்கிறேன். முதலில் பாதி, இப்போது முழுசு. அதனால் ஒரு தப்பு நடந்துவிட்டது. உங்களைத் தவிர யாருக்கும் தெரியாது. போன புதன்கிழமை வீட்டிலிருந்து வேலை. மத்தியானம் தலைவலி தாங்காமல் ஒரு மாத்திரை போட்டேன். கண் விழித்தபோது மணி ஏழேகால். டே கேர் ஆறு மணிக்கே மூடிவிடும். அங்கே இருக்கும் ஜெனிட்டா மிஸ் பன்னிரண்டு தடவை போன் செய்துவிட்டு, தானே ஆட்டோ பிடித்து மித்ராவைக் கொண்டுவந்து விட்டார். கதவைத் திறந்ததும் குழந்தை என்னைத் திட்டவில்லை. “நீயும் செத்துட்டியோன்னு நெனச்சேம்மா” என்றாள்.

மோகன் அண்ணனிடம்கூடச் சொல்லாதீர்கள்.

ஸ்வாதி

●

செங்கல்பட்டு
11-2-2025

அன்புள்ள ஸ்வாதிக்கு,

நலம். என்னிடம் சொன்னது கிணற்றில் போட்ட கல். கவலைப்படாதே.

எந்தத் தாய்க்கும் நடப்பதுதான். சொல்லிவிட்டால் பாரம் குறையும். இதுபோல் வேறு ஏதாவது இருந்தாலும் எழுதிவிடு. குழந்தை மேல் கை ஓங்கினாயா? உயிரை விட்டுவிடலாமென்று தோன்றியதா? எனக்கே எத்தனையோ நாள் தோன்றியிருக்கிறது, ஒரு பிள்ளை இல்லாத வீட்டில்.

ஒன்று கேட்கவேண்டும். ஆகஸ்ட் பதினேழாம் தேதி காலையில் தம்பி எனக்கு போன் செய்தான். “அக்கா, நீ கேட்டியே, அதுக்கு பதில் நேர்ல வந்து சொல்றேன்” என்றான். வண்டியை எடுத்தவன் திருப்போரூர் ரோட்டைத் தாண்டவில்லை. நான் என்ன கேட்டிருந்தேன் என்று உனக்கும் தெரியும். அவன் என்ன சொல்ல வந்தான் என்று நான் தினமும் நினைத்துக்கொள்கிறேன். உன்னிடம் ஏதாவது சொன்னானா?

துர்கா அண்ணி

●

நாவலூர்
23-2-2025

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். இங்கே நலம் என்று எழுதத்தான் வேண்டும்.

ஆம், ஒரு தடவை மித்ராவை அடித்துவிட்டேன். அவள் அப்பாவின் ஹெல்மெட்டில் கல்லுப்பை அள்ளிப் போட்டு விளையாடினாள். கன்னத்தில் விரல் பதிந்துவிட்டது. அடித்துவிட்டு நானும் அவளோடு உட்கார்ந்து அழுதேன்.

இன்னொன்றும் இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரம் போனோம். அவளை மணலில் சோளத்தோடு உட்காரவைத்துவிட்டுக் கால் நனைக்கப் போனேன். கால் நனைந்தது, முழங்கால் நனைந்தது, இடுப்பு நனைந்தது. நான் நிற்கவில்லை அண்ணி. ஏன் நிற்கவில்லை என்று தெரியவில்லை. சிப்பி மாலை விற்கும் ஒரு அம்மா ஓடிவந்து முடியைப் பிடித்து இழுத்தார். “ஏம்மா, இன்னா பண்ணிகினு கீற? கொயந்த அங்க அயுவுது பாரு!” என்று கத்தினார். அந்தக் கத்தல் இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. மறுநாளே டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். மாத்திரையை மாற்றிவிட்டார். வாரம் ஒருநாள் கவுன்சிலிங் போகிறேன். இப்போது பரவாயில்லை.

அவர் என்ன சொல்ல வந்தார் என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது.

உங்களிடம் எழுதியதில் நெஞ்சு லேசாகிவிட்டது. நீங்கள் நல்லா இருக்கணும்.

ஸ்வாதி

●

நாவலூர்
27-3-2025

அன்புள்ள அண்ணிக்கு,

நலமா? ஒரு மாதமாகிறது, பதில் இல்லை. போனும் எடுக்கவில்லை. மோகன் அண்ணனுக்கு உடம்பு ஏதாவது?

மாசி போய்ப் பங்குனியும் பாதி வந்துவிட்டது. வெயில் கொளுத்துகிறது. பனியைக் கழற்றிவிடலாமா என்று மித்ராவிடம் கேட்டேன். அத்தை நேரில் வந்து பார்த்த பிறகுதான் கழற்றணுமாம். அறுபத்திரண்டு பூவில் நாற்பது உதிர்ந்துவிட்டது. மீதியை அப்படியே விட்டிருக்கிறேன். அவள் வரைந்த படம் ஒன்று வைத்திருக்கிறேன். நடுவில் மூக்குத்தியோடு நிற்பது நீங்கள்தான்.

எப்போது வருகிறீர்கள்?

ஸ்வாதி

●

செங்கல்பட்டு
21-4-2025

அன்புள்ள ஸ்வாதிக்கு,

நாங்கள் நலம். நீயும் குழந்தையும் நலமென்று நம்புகிறேன்.

இந்த வாரம் உனக்குக் கோர்ட்டிலிருந்து ஒரு கவர் வரும். மித்ராவை என் பொறுப்பில் ஒப்படைக்கச் சொல்லி மனு போட்டிருக்கிறேன். மனுவை நானே டைப் செய்தேன். நீ எழுதியதில் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. மாத்திரை பற்றி 8-2 தேதிக் கடிதம், டாக்டர் சீட்டு, டே கேரில் குழந்தையை மறந்தது, அடித்தது, கடலில் இறங்கியது. புருஷன் போன ஐந்தாம் மாதம் வீடு முழுக்க விளக்கு போட்டு, பட்டு கட்டிச் சிரிக்கிற படம். அந்நிய ஆண் வீட்டுக்குள் ஸ்டூல் மேல் நிற்கும் படம். தேதி பின்னால் உன் கையெழுத்திலேயே இருக்கிறது.

கோபப்படாதே. ஆறு வயதுக் குழந்தை கடற்கரையில் தனியாக உட்கார்ந்து அழுதிருக்கிறது. நீ சின்னப் பெண், உனக்கு வாழ்க்கை இருக்கிறது. தம்பி எனக்குச் சொல்ல வந்ததைத்தான் நான் நிறைவேற்றுகிறேன்.

வாய்தா மே 12. வெயிலில் வராதே, குடை எடுத்துக்கொள்.

துர்கா அண்ணி

●

நாவலூர்
27-4-2025

அண்ணிக்கு,

கவர் வந்தது. இரண்டு நாள் பச்சைத் தண்ணீர் இறங்கவில்லை. நீங்கள்தான் விளக்குப் போடச் சொன்னீர்கள். நீங்கள்தான் பட்டு கட்டச் சொன்னீர்கள். பனிக்குத் தடையில்லை என்று எழுதிய கை உங்களுடையது. ஐந்து வாரம் என்னைக் கண்ணு கண்ணு என்று கூப்பிட்டு, ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டு வாங்கியிருக்கிறீர்கள்.

தெரியாது என்று எழுதினேனே, அது பொய். உங்களுக்காகச் சொன்ன பொய். ‘உனக்கு இன்னொண்ணு பிறக்கும், மித்ராவை எனக்குக் கொடுத்துடு’ என்று போன ஜூனில் நீங்கள் கேட்டதிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடவில்லை. அன்றைக்குக் காலையில் ஷூ மாட்டிக்கொண்டே சொன்னார்: “எங்கொயந்தைய யாருக்கும் தர முடியாது ஸ்வாதி. அக்காகிட்ட போன்ல சொன்னா தாங்காது. நேர்ல பூட்டு சொல்லிட்டு வந்துர்றேன்.” அதைச் சொல்லத்தான் கிளம்பினார். மாட்டேன் என்று சொல்ல.

அவர் உடம்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, “இன்னா சொல்ல வந்தான் எந்தம்பி?” என்று நீங்கள் என் கையைப் பிடித்துக் கேட்டீர்கள். அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இப்போது சொல்கிறேன். நீங்கள் அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருந்திருந்தால், அவர் அந்த ரோட்டில் போயிருக்கவே மாட்டார்.

ஸ்வாதி

●

செங்கல்பட்டு
2-5-2025

ஸ்வாதிக்கு,

நலம். உன் கடிதம் கிடைத்தது. செத்தவன் சொன்னதாக யார் எதை வேண்டுமானாலும் எழுதலாம். எட்டு மாதம் பொய் சொன்னதாக நீயே ஒப்புக்கொண்டிருக்கிறாய். இதையும் ஜெராக்ஸ் எடுத்து மனுவோடு சேர்த்துவிட்டேன்.

துர்காதேவி

●

செங்கல்பட்டு
8-1-2026

அன்புள்ள ஸ்வாதிக்கு,

நலமா? மித்ரா நலமா? பல் விழுந்து முளைத்திருக்குமே. நான் நலமாக இல்லை.

நவம்பரில் தீர்ப்பு வந்த நாளிலிருந்து உனக்கு எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிடுகிறேன். என் கடிதங்களை உன் வக்கீல் ஒவ்வொன்றாக வாசித்தபோது கோர்ட்டில் நான் நிமிரவில்லை. எனக்கு எதிரில் உட்கார்ந்து பதினெட்டு வருஷம் வேலை பார்த்த ஜூனியர்கள் எல்லாம் கேட்டுக்கொண்டு நின்றார்கள். மனுவைத் தள்ளிவிட்டு, “உங்க லெட்டர படிச்சா எனக்கே பயமா இருக்கும்மா” என்றார் ஜட்ஜ். வேலையை விட்டுவிட்டேன். உன் மோகன் அண்ணன் என்னோடு பேசுவதில்லை. சாப்பாட்டுத் தட்டை மட்டும் நகர்த்தி வைக்கிறார்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தம்பி மாட்டேன் என்று சொல்லத்தான் வந்தான். எனக்கும் தெரியும். அன்றைக்குக் காலையில் போனில் அவன் குரலிலேயே தெரிந்துவிட்டது. அதனால்தான் நான், “இன்னிக்கே வா, நேர்ல வந்து என் மூஞ்ச பாத்து சொல்லு” என்று பிடிவாதம் பிடித்தேன். முகத்தைப் பார்த்தால் சொல்லமாட்டான் என்று நினைத்தேன். மழை பெய்கிறது, நாளைக்கு வருகிறேன் என்றான். நான் விடவில்லை. இதை உன்னைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை.

எனக்கு ஒன்றும் வேண்டாம். ஒரே ஒரு மணி நேரம். மாமல்லபுரத்திலோ, உங்கள் அபார்ட்மெண்ட் கேட்டுக்கு வெளியிலோ, நீ பக்கத்தில் நின்றுகொண்டாலும் சரி. கட்டிப்பிடிக்கக்கூட மாட்டேன். பார்க்கவேண்டும், அவ்வளவுதான்.

பொங்கல் முடிந்ததும் வீட்டுக்குப் பனி அலங்காரம் செய்வீர்கள் என்று நினைத்து, வெள்ளை நூலில் பூ பின்னி அனுப்பியிருக்கிறேன். நூறு இருக்கிறது. குழந்தைக்கு ஒரு ஸ்வெட்டரும் வைத்திருக்கிறேன். அளவு தெரியவில்லை, உத்தேசமாகப் போட்டேன்.

உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

துர்கா

●

நாவலூர்
19-1-2026

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். நாங்கள் இருவரும் நலம். மாத்திரை நிறுத்தி ஏழு மாதமாகிறது. மித்ராவுக்கு முன்பல் இரண்டும் முளைத்துவிட்டன.

உங்கள் கடிதத்தைப் படித்தேன். கூடவே வந்த பார்சலைப் பிரிக்கவில்லை. இந்தக் கடிதத்தோடு திருப்பி அனுப்புகிறேன்.

இந்த வருஷமும் எங்கள் வீட்டில் பொங்கல் இல்லை. காரணம் சொல்கிறேன். தீர்ப்பு வந்த மறுநாள் மித்ரா, “அத்தை ஏன் கோர்ட்டுல என்னப் பாத்து அய்தாங்க? எப்போ நம்ம வூட்டுக்கு வருவாங்க?” என்று கேட்டாள். இனி வரமாட்டார் என்றேன். ஏன், ஏன் என்று விடாமல் கேட்டாள். ஜட்ஜ் சொன்னதையா ஆறரை வயதுக்குச் சொல்வது? அத்தை செத்துப்போய்விட்டார் என்று சொல்லிவிட்டேன்.

திட்டம் போட்டுச் சொல்லவில்லை. வாயில் வந்தது. சொன்ன பிறகு திருத்தியிருக்கலாம். திருத்தவில்லை.

இரண்டு நாள் அழுதாள், ஜுரம் வந்தது. எப்படி என்று கேட்டாள். அப்பா போன அதே ரோடு என்றேன். அப்படியானால் அத்தை அப்பாவோடு இருப்பாங்களா என்றாள். ஆமாம் என்றேன். அதன் பிறகு ஜுரம் விட்டது. உங்கள் போட்டோவை அவர் படத்துக்குப் பக்கத்தில் அவளே வைத்தாள். தினமும் ஸ்கூலுக்குப் போகும்முன் இருவருக்கும் ஒரு பூ வைக்கிறாள். அத்தைக்கும் ஒரு வருஷம் பண்டிகை கூடாது என்று அவளே சொல்லி, கரும்புகூட வாங்கவிடவில்லை. நேற்றுத்தான் ஜன்னலுக்கு வெள்ளைத் துணி கட்டி, பூவெல்லாம் அவளே வெட்டி ஒட்டினாள். இந்தத் தடவை ஒன்றுகூடக் கோணலில்லை.

ஒரு மணி நேரம் கேட்கிறீர்கள். செத்துப்போனவர் கேட்டுக்கு வெளியே நின்றால் குழந்தை பயந்துவிடும். உங்களை நினைத்து அழுவதை நிறுத்திவிட்டாள். அதைக் கெடுக்காதீர்கள்.

மழை என்று அவர் சொன்னதையும் நீங்கள் விடாததையும் எழுதியிருந்தீர்கள். எழுதியது நல்லதுதான். உங்களுக்கு நெஞ்சு லேசாகியிருக்கும். எனக்கு ஆகவில்லை.

இனிமேல் எழுதவேண்டாம். மித்ரா இப்போது எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள். தபால்காரரிடம் ஓடிப்போய்க் கவரை வாங்கி, அனுப்புநர் பெயரைச் சத்தமாக வாசிப்பது அவளுக்கு ஒரு விளையாட்டு. உங்கள் கடிதமும் பார்சலும் வந்த அன்றைக்கு அவள் ஸ்கூலில் இருந்தாள், தப்பித்தோம்.

மோகன் அண்ணனுக்கு என் வணக்கம். முழங்காலுக்கு எண்ணெய் தடவுங்கள்.

அன்புடன்,
ஸ்வாதி